பணவீக்கம் குறைந்தால் வாழ்க்கைச் செலவுப் படியும் குறையுமா?

கேள்வி: ஐயா, நான் கிளிநொச்சியில் உள்ள ஒரு தனியார் வங்கிக் கிளையில் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எங்கள் சம்பளச் சீட்டில் வாழ்க்கைச் செலவுப் படி என்ற வரியில் இரண்டு ஆண்டுகளாக 15,000 ரூபா என்ற ஒரே தொகைதான் நிற்கின்றது. கேட்டால், பணவீக்கம் இறங்கிவிட்டது, இனிக் கூட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்கிறார்கள். 2025 தொடக்கத்தில் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே போனபோது படியை வெட்டப்போகிறார்கள் என்றுகூடக் கிளையில் கதை அடிபட்டது. அந்த நாட்களில் பரந்தனில் தேங்காய் ஒன்று இருநூறு ரூபாவுக்கு மேல். என் சித்தப்பாவின் மருமகன் திருச்சியில் இந்தியப் பொதுத்துறை வங்கியொன்றில் எழுத்தர். அவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை படி மாறுகிறதாம். 2025 மே மாதம் குறைந்தும் விட்டதாம். இந்தப் படியை உண்மையில் எப்படிக் கணக்கிடுகிறார்கள்? வன்னியில் வாழும் எங்களுக்குக் கொழும்பு விலையை ஏன் பார்க்கிறார்கள்? எங்கள் சேமலாப நிதிக் கழிவு அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் கணிக்கப்படுகின்றது, அது சரியா? – வாசகி, கிளிநொச்சி

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

வங்கியொன்றின் சம்பளப் பிரிவில் நெடுங்காலம் இருந்துவிட்டு, இப்போது வவுனியாவில் இருந்தபடி ஊழியர் கொடுப்பனவுகள் பற்றி ஆலோசனை சொல்லிவருபவன் நான். உங்கள் கிளையில் எழுந்த பேச்சு எனக்குப் புதிதல்ல. அதன் அடியில் கிடப்பது ஒரே குழப்பம்தான்: பணவீக்க வீதத்தையும் விலைச் சுட்டெண்ணையும் ஒன்றென்று எண்ணிக்கொள்வது. அதைத் தெளிவாக்காமல் கணக்குக்குள் போனால் கணக்கும் விளங்காது.

மாத முடிவில் செய்தியில் சொல்லப்படும் பணவீக்க வீதம், சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிடுகையில் விலைகள் எவ்வளவு ஏறின என்பதைச் சொல்கின்றது. சுட்டெண்ணோ விலைகள் இப்போது எந்த மட்டத்தில் நிற்கின்றன என்பதைச் சொல்கின்றது. மாரி முடிந்து இரணைமடுக் குளத்துக்கு நீர்வரத்து நின்றுவிட்டது என்றால் குளம் வற்றிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. வந்த நீர் உள்ளேதான் நிற்கின்றது. பணவீக்கம் இறங்கியது என்பதும் வரத்துக் குறைந்த செய்திதான். வாழ்க்கைச் செலவுப் படி பார்க்க வேண்டியது மட்டத்தை.

இதை இலக்கங்களில் பாருங்கள். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுக்கு ஆண்டு பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதம், 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதம், 2024 செப்டெம்பரில் மறை 0.5 சதவீதம், 2025 செப்டெம்பரில் 1.5 சதவீதம். 2021 செப்டெம்பரின் விலை மட்டத்தை 100 என்று வைத்துக்கொண்டால், அடுத்தடுத்த செப்டெம்பர் மாதங்களில் அது ஏறத்தாழ 169.8, 172.0, 171.1, 173.7 என்று நகர்ந்திருக்கின்றது. (இடையில் சுட்டெண்ணின் அடிப்படை ஆண்டு, அதாவது விலை மட்டத்தை 100 என்று வைக்கும் ஆண்டு, மாற்றப்பட்டதால் தசமங்கள் சற்று முன்பின்னாகலாம்; படம் மாறாது.) 2025 பெப்ரவரியில் பணவீக்கம் மறை 4.2 சதவீதம் வரை போனது உண்மை. ஆனால் எழுபது படிக்கட்டு ஏறியவர் சில படிக்கட்டு மட்டும் இறங்கி நின்ற கதைதான் அது. பழைய இடத்துக்கு யாரும் திரும்பி வரவில்லை.

ஆகவே, கூட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்று உங்களுக்குச் சொல்லப்பட்ட பதில் சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். அந்த 15,000 ரூபா எந்த மாதத்து விலை மட்டத்தை வைத்துத் தீர்மானிக்கப்பட்டது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கின்றது. 2022 ஏற்றம் முழுவதையும் கணக்கில் எடுத்து, அதன் பின்னர் நிர்ணயித்த தொகை அது என்றால், அதற்குப் பிறகு மட்டம் அதிகம் நகரவில்லை என்று அவர்கள் சொல்வதை ஏற்க வேண்டியதுதான். மாறாக, அந்த ஏற்றத்தில் ஒரு பங்கை மட்டும் ஈடுசெய்துவிட்டு அங்கேயே நிறுத்தியிருந்தால், பணவீக்கம் பூச்சியமாக இருந்தாலும் உங்களுக்குரிய ஈட்டில் ஒரு பகுதி இன்னும் வந்து சேரவில்லை. நான் பார்த்த பல சம்பளச் சீட்டுகளில் நேர்ந்தது இந்த இரண்டாவதுதான் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

இனிக் கணக்கிடும் முறைக்கு வருகிறேன். வாழ்க்கைச் செலவுப் படி என்ற ஒரே பெயரில் மூன்று வகையான கொடுப்பனவுகள் நடமாடுகின்றன. எந்தச் சுட்டெண்ணோடும் பிணைக்கப்படாமல், ஒரு சுற்றறிக்கையாலோ வரவுசெலவுத் திட்டத்தாலோ இடையிடையே உயர்த்தப்படும் நிலையான தொகை ஒன்று. அரச ஊழியருக்கு 7,800 ரூபாவாக இருந்த படி 2024 வரவுசெலவுத் திட்டத்தின் மூலம் 17,800 ரூபாவாக்கப்பட்டது இவ்வகை. அதற்குச் சூத்திரம் கிடையாது. உயர்த்தும் முடிவு வரும்வரை அது அசையாது. இரண்டாவது, சுட்டெண் ஒரு புள்ளி ஏறினால் இத்தனை ரூபா என்று எழுதப்படுவது. நம் நாட்டு வணிகத் துறையில் தொழிற்சங்கமும் நிறுவனமும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தங்களில் பழக்கப்பட்ட வடிவம் இது. மூன்றாவது, சுட்டெண் ஏற ஏறச் சம்பளத்தின் ஒரு சதவீதமாகக் கூடுவது. உங்கள் திருச்சி உறவினர் பெறுவது இதுவே, அங்கே அதை அகவிலைப்படி என்பார்கள். உங்கள் 15,000 ரூபா இரண்டு ஆண்டுகளாகச் சதங்கூட மாறாமல் நிற்பதைப் பார்த்தால், அது முதல் வகையைச் சேர்ந்ததாகவோ, இரண்டாம் வகையாகத் தொடங்கிப் பின்னர் இடைநிறுத்தப்பட்டதாகவோ இருக்க வேண்டும். எது என்பதை ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

திருச்சிக் கணக்கை விரிவாகச் சொல்கிறேன். அது உங்களுக்குப் பொருந்தும் என்பதற்காக அல்ல. ஒரு சூத்திரம் முழுமையாக எழுதப்பட்டிருந்தால் எந்த ஊழியரும் ஒரு கடதாசியில் தாமாகவே கணக்கைச் சரிபார்க்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் 2024 மார்ச் 8 அன்று கைச்சாத்திட்ட 12ஆவது இருதரப்பு ஒப்பந்தம் 2022 நவம்பர் 1 முதல் செல்லுபடியாகின்றது. அதன்படி, 2016ஐ 100 எனக் கொண்ட அகில இந்தியத் தொழிலாளர் நுகர்வோர் விலைச் சுட்டெண்தான் அளவுகோல், 123.03 என்ற புள்ளி தொடக்கக் கோடு. அந்தக் கோட்டுக்கு மேல் சுட்டெண்ணின் மூன்று மாதச் சராசரி 0.01 புள்ளி ஏறினால், படி சம்பளத்தின் 0.01 சதவீதம் ஏறும். இறங்கினால் அதே அளவு இறங்கும். ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் மாதங்களின் சராசரி அடுத்து வரும் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையான படியைத் தீர்மானிக்கும். ஜனவரி முதல் மார்ச் வரையான சராசரி மே முதல் ஜூலை வரையான படியைத் தீர்மானிக்கும். மற்றக் காலாண்டுகளுக்கும் அதே ஒழுங்குதான்.

2024 இன் கடைசி மூன்று மாதங்களில் அந்தச் சுட்டெண் 144.5, 144.5, 143.7. சராசரி 144.23. அதிலிருந்து 123.03ஐக் கழித்தால் 21.20, ஆகவே 2025 பெப்ரவரியில் படி 21.20 சதவீதம். 2025 இன் முதல் மூன்று மாதங்களில் சுட்டெண் 143.2, 142.8, 143.0, சராசரி 143.0, கழித்தால் 19.97. மே மாதம் படி குறைந்தது என்று உங்கள் உறவினர் சொன்னது இதைத்தான். எழுத்தருக்கான சம்பளத் திட்டத்தின் தொடக்கப் புள்ளியான 24,050 இந்திய ரூபாவில் இருப்பவர் ஒருவருக்குப் படி 5,098.60 இலிருந்து 4,802.79 ஆக, ஏறத்தாழ 296 ரூபா இறங்கியிருக்கும். யாரும் வெட்டவில்லை. சூத்திரம் ஏறும்போது ஏற்றியது, இறங்கும்போது இறக்கியது.

அந்த 123.03 எங்கிருந்து வந்தது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. உங்கள் ஒப்பந்தத்தைப் படிக்கும்போது அது உதவும். முன்பு அங்கே 1960ஐ 100 ஆகக் கொண்ட பழைய சுட்டெண்தான் பயன்பட்டது. 11ஆவது ஒப்பந்தம் 6352 புள்ளிகளைத் தொடக்கமாக வைத்து, அதற்கு மேல் ஒவ்வொரு 4 புள்ளிக்கும் சம்பளத்தின் 0.07 சதவீதம் என்று எழுதியிருந்தது. சுட்டெண் 8088ஐ எட்டிய நிலையில் ஏற்றம் 1736 புள்ளி, 4ஆல் வகுத்தால் 434, 0.07ஆல் பெருக்கினால் 30.38 சதவீதம். புதிய ஒப்பந்தத்தில் இந்த 30.38 சதவீதத்தையும் அடிப்படைச் சம்பளத்துடன் சேர்த்துவிட்டு, 8088 என்பதையே புதிய தொடக்கக் கோடாக்கினார்கள். அடிப்படை ஆண்டு மாறியபோதெல்லாம், புதிய சுட்டெண்ணைப் பழையதாக மாற்றப் பெருக்க வேண்டிய எண்ணாக அறிவிக்கப்பட்ட இணைப்புக் காரணிகள் 4.93, 4.63, 2.88. 123.03ஐ இந்த மூன்றாலும் பெருக்கிப் பாருங்கள், 8088 வரும். ஆகவே படி பூச்சியத்திலிருந்து மறுபடி தொடங்குவதைக் கண்டு, இருந்த படி பறிபோனதாக யாரும் எண்ணத் தேவையில்லை. அது அடிப்படைச் சம்பளத்துக்குள் போய்விட்டது. அப்படிப் போவது ஊழியருக்கு நல்லதே, ஏனென்றால் அடிப்படைச் சம்பளத்தைப் பார்த்துக் கணிக்கப்படும் மற்றக் கொடுப்பனவுகளும் அதோடு உயர்கின்றன.

நம் நாட்டு ஒப்பந்தங்களில் அதிகம் கவனிக்க வேண்டிய இடமும் இந்த இணைப்புக் காரணிதான். புள்ளிக்கு இத்தனை ரூபா என்ற முறையில், அடிப்படை ஆண்டு மாறும்போது ஒரு புள்ளியின் பெறுமதியே மாறிவிடுகின்றது. விளங்குவதற்காக ஓர் உதாரணம்: பழைய சுட்டெண் 240 இல் நிற்கும் அதே மாதத்தில் புதிய சுட்டெண் 160 என்று வெளியிடப்படுகின்றது என்று வைத்துக்கொள்வோம். இணைப்புக் காரணி 1.5. இனி ஒரு புதிய புள்ளி ஏறுவதற்குள் விலைகள் பழைய ஒன்றரைப் புள்ளி அளவு ஏறியிருக்கும். பழைய புள்ளிக்கு 100 ரூபா கொடுத்தவர்கள் புதிய புள்ளிக்கு 150 ரூபா கொடுக்க வேண்டும். சுட்டெண்ணை மட்டும் மாற்றிவிட்டு 100 ரூபாவை அப்படியே விட்டுவிட்டால், ஒருவர் கண்ணிலும் படாமல் மூன்றில் ஒரு பங்கு ஈடு கரைந்துபோகின்றது. கொழும்புச் சுட்டெண்ணின் அடிப்படை 1952 இலிருந்து 2002க்கும், பின்னர் 2006/07, 2013, 2021 என்றும் மாறிவந்திருக்கின்றது. 2021 அடிப்படை 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் ஒப்பந்தம் அதற்கு முன் எழுதப்பட்டது என்றால், புள்ளிக்கான தொகை அந்த மாற்றத்தின்போது திருத்தப்பட்டதா என்பதை நிச்சயம் கேட்டறியுங்கள்.

கொழும்பு விலையை ஏன் பார்க்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். காரணம் பெரும்பாலும் பழக்கமும் வசதியும்தான். 1949/50 இல் கொழும்புத் தொழிலாளர் குடும்பங்களின் செலவை ஆராய்ந்து உருவாக்கிய கூடையோடு, அதாவது விலை பார்க்கப்படும் பொருட்களின் பட்டியலோடு, தொடங்கியது அந்தச் சுட்டெண். நாடு முழுவதற்குமான தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் 2015 இல்தான் வரத் தொடங்கியது. கொழும்புச் சுட்டெண் அந்தந்த மாத முடிவிலேயே வெளியாகின்றது, தேசியச் சுட்டெண்ணுக்கு அடுத்த மாதம் மூன்றாம் வாரம் வரை காத்திருக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

இதனால் வன்னியில் வாழ்பவருக்கு ஏற்படும் வேறுபாடு சிறிதல்ல. 2013 அடிப்படையிலான கூடைகளில் உணவுக்குத் தரப்பட்ட நிறை, அதாவது மொத்தச் செலவில் அதன் பங்கு, கொழும்புச் சுட்டெண்ணில் ஏறத்தாழ 28 சதவீதம், தேசியச் சுட்டெண்ணில் ஏறத்தாழ 44 சதவீதம். கொழும்பில் வாடகையும் அதைச் சார்ந்த செலவுகளும் கூடையில் பெரிய இடத்தை எடுத்துக்கொள்கின்றன; சொந்த வளவில் வீடு கட்டி வாழும் கிளிநொச்சிக் குடும்பத்துக்கு அரிசி, மா, பருப்பு, மீன், தேங்காய், பிள்ளையை யாழ்ப்பாணத்தில் படிக்கவிட்ட செலவு, பஸ் கட்டணம் இவைதான் பெரிது. இந்த நிறை எவ்வளவு முக்கியம் என்பதை 2022 செப்டெம்பர் காட்டியது. அந்த மாதம் உணவு விலை ஏற்றம் கொழும்புச் சுட்டெண்ணில் 94.9 சதவீதம், தேசியச் சுட்டெண்ணில் அதைவிடக் குறைவாக 85.8 சதவீதம். அப்படியிருந்தும் மொத்தப் பணவீக்கம் கொழும்பில் 69.8, தேசிய அளவில் 73.7. சாப்பாட்டுச் செலவுக்கு அதிக இடம் கொடுத்த கூடைதான் அதிக ஏற்றத்தைக் காட்டியது. மாகாணங்களில் கிளைகள் வைத்திருக்கும் வங்கியொன்றின் ஊழியர்களுக்குத் தேசியச் சுட்டெண்ணே நியாயமான அளவுகோல் என்பதும், அடுத்த ஒப்பந்தப் பேச்சில் சங்கம் இதை வலியுறுத்த வேண்டும் என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

தேசியச் சுட்டெண்ணும் பரந்தன் சந்தையை அப்படியே படம்பிடிக்காது. அது ஒன்பது மாகாணங்களின் சராசரி. ஆனாலும் இன்று நம் மாகாணத்தின் விலையும் அதற்குள் இருக்கின்றது. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்குள் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கும் ஒரு கட்டிச் சவர்க்காரத்துக்கும் வன்னி மக்கள் கொடுத்த விலைக்குக் கொழும்பின் விலையை மட்டும் அளந்த சுட்டெண்ணில் இடமே இருக்கவில்லை. அந்த நாட்களைக் கண்டவன் என்ற முறையில், எந்த ஊரின் விலை அளக்கப்படுகின்றது என்ற உங்கள் கேள்வியை நான் சிறிதாக எடுக்க மாட்டேன்.

கடைசியாகச் சேமலாப நிதி. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், பங்களிப்புக் கணிக்க வேண்டிய வருமானத்துக்குள் சம்பளத்தோடு வாழ்க்கைச் செலவுப் படியையும், விசேட வாழ்க்கைப் படியையும், அவற்றை ஒத்த பிற படிகளையும் வெளிப்படையாகவே சேர்க்கின்றது. மேலதிக நேரக் கொடுப்பனவு அதற்குள் வராது. இந்தப் படி வரும். ஆகவே 15,000 ரூபாவுக்கு உங்கள் பங்கு 8 சதவீதமும் வங்கியின் பங்கு 12 சதவீதமும் சேர்ந்து மாதம் 3,000 ரூபா உங்கள் கணக்கில் விழ வேண்டும். ஆண்டுக்கு 36,000. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு வங்கி தனியே செலுத்த வேண்டிய 3 சதவீதம், மாதம் 450 ரூபா, இதற்குப் புறம்பானது. அதோடு முடியவில்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, ஐந்து ஆண்டுகள் பூர்த்தி செய்த மாதச் சம்பள ஊழியருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசியாகப் பெற்ற சம்பளத்தில் அரை மாதப் பங்கு உரியது. அந்தச் சம்பளம் என்பதற்குள்ளும் வாழ்க்கைச் செலவுப் படி அடங்கும். பதினொரு ஆண்டுகளுக்கு, இந்தப் படியின் பங்கு மட்டும் 82,500 ரூபா.

சில வங்கிகள் அரச நிதிக்குப் பதிலாகத் தமக்கென அங்கீகாரம் பெற்ற சேமலாப நிதியம் நடத்துகின்றன. உங்கள் வங்கி அப்படியானது என்றால் முதலில் அந்த நிதியத்தின் விதிகளைக் கேட்டு வாங்கி, எந்தக் கொடுப்பனவுகளுக்குப் பங்களிப்புச் செய்வதாக எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அரச நிதியின் உறுப்பினர் என்றால், கணக்குக் கூற்றில் மாதப் பங்களிப்பு எவ்வளவு விழுந்திருக்கின்றது என்பதைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டாலே விடை தெரிந்துவிடும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மனிதவளப் பிரிவுக்கு, முகாமையாளர் ஊடாக, பணிவான ஒரு கடிதம் எழுதுங்கள். என் வாழ்க்கைச் செலவுப் படி எந்தச் சுட்டெண்ணை, எந்த அடிப்படை ஆண்டை ஆதாரமாகக் கொண்டது. 15,000 ரூபா எந்த மாதத்துச் சுட்டெண்ணில் நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு மேல் ஒரு புள்ளிக்கு எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திருத்தப்படும். சேமலாப நிதிக் கணிப்பில் இந்தப் படி ஏன் சேர்க்கப்படவில்லை. இவ்வளவும் போதும். பணவீக்கம் பற்றியோ தேங்காய் விலை பற்றியோ கடிதத்தில் எழுத வேண்டாம். அதை எழுதினால் பதிலும் அதைப் பற்றியே வரும். உங்கள் வங்கியில் கூட்டு ஒப்பந்தம் இருந்தால், அதன் பிரதியைச் சங்கக் கிளைப் பிரதிநிதியிடம் கேளுங்கள். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ்ப் பதிவாகும் கூட்டு ஒப்பந்தங்கள் வர்த்தமானியில் வெளியிடப்படுபவை. இரகசியம் என்று யாரும் மறுக்க முடியாது. சேமலாப நிதி விடயத்தில் திருப்தியான பதில் வராவிட்டால் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். அதற்குப் பழைய சம்பளச் சீட்டுகள் எல்லாம் வேண்டும். கைத்தொலைபேசியில் வந்தவை என்றால் இன்றே அச்செடுத்து ஒரு கோவையில் வையுங்கள்.

பதில் வந்ததும் அந்த அடிப்படை ஆண்டு, தொடக்கப் புள்ளி, புள்ளிக்கான தொகை ஆகிய மூன்றையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். இன்றைய சுட்டெண்ணோடு வைத்து, உங்களுக்கு வந்திருக்க வேண்டிய தொகையை மாதம் மாதமாகக் கணக்கிட்டுத் தருகிறேன்.